எட்டடிக்கு ஒரு வட்டம்

சரிபார்த்துத் தரச் சொல்லி ஒரு வளாகத்தின் மர நடவு வரைபடம் என்னிடம் வந்தால், மரங்கள் இருக்கிற தாளைக் கடைசியாகத்தான் விரிப்பேன். முதலில் பார்ப்பது பேஸ்மென்ட்டின் எல்லைக்கோடு. அடுத்தது தீயணைப்பு வண்டி போகிற பாதை. மூன்றாவது, மழைநீர் வடிகால், கழிவுநீர்க் குழாய், மின் கேபிள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வருகிற சர்வீஸ் டிராயிங். இந்த மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்த பிறகு எங்காவது வெறுமையாக மிஞ்சுகிற இடம்தான் மரத்துக்கு நிஜமாகக் கிடைத்த நிலம். பச்சை வட்டங்கள் போட்ட தாளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த வட்டங்களில் நிறைய, ஏதாவது ஒரு குழாயின் தலைமேல் உட்கார்ந்திருக்கும்.

நான் தோட்டக்கலை படித்தவள். கொஞ்ச காலம் நாற்றங்காலில் இருந்தேன். பிறகு சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையின் இரு பக்கமும் ஐ.டி. வளாகங்கள் வரிசையாக எழும்பிய காலத்தில், கட்டுகிறவர்கள் சார்பில் லாண்ட்ஸ்கேப் வரைபடங்களைப் படித்துக் குறை சொல்லும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். வரைகிறவர் வேறு, நடுகிறவர் வேறு, பணம் கொடுக்கிறவர் வேறு. மூன்று பேரும் ஒருமித்துச் சலித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே, அது நான்.

எண்ணிக்கையிலிருந்து தொடங்கலாம், எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்புள்ள கட்டடங்களுக்கு, மத்திய அரசின் 2006-ம் ஆண்டு அறிவிக்கைப்படி சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதிக் கடிதத்தோடு வரும் நிபந்தனைகளில் ஒன்று, மனையில் 80 சதுர மீட்டருக்கு ஒரு மரம். ஐந்து ஏக்கர் மனை என்றால் 20,234 சதுர மீட்டர். வகுத்தால் 253 மரம்.

இந்த 253-ஐ எப்படிக் கொண்டுவருவார்கள் என்பது பழகிய கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். நூறு மீட்டருக்கு இருநூறு மீட்டர் மனையின் சுற்றுச்சுவர் ஏறக்குறைய 600 மீட்டர். சுவரோரமாகவே எட்டடிக்கு ஒரு வட்டம் போட்டுக்கொண்டு போனால் ஒரு சுற்றிலேயே கணக்கு கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். மனையின் நடுவில் அநேகமாக ஒன்றும் தேவையில்லை. எட்டடிக்கு ஒன்று என்று நிற்கக் கூடிய மரம் எது? நெட்டிலிங்கம் நிற்கும், ஃபாக்ஸ்டெய்ல் பாம் நிற்கும். ஆகவே அவையே வரும். வெயில் கொளுத்துகிற வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு கை நிழல் விழாது. ஆனால் அனுமதிக் கடிதத்தின் அந்த வரிக்கு நேராக டிக் விழும்.

"மேடம், கவுண்ட் கரெக்டா இருக்கே" என்பார் வரைந்த இளைஞர். இருக்கத்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால், இந்த மனையில் நூறு மரம் உருப்படியாக வளர்ந்தால் போதும் என்று கையெழுத்துப் போடுவேன். ஆனால் நிபந்தனை எண்ணிக்கையில் பேசுகிறது, கிளைப் பரப்பிலோ மண்ணின் கன அளவிலோ பேசவில்லை. அதனால் 253-ம் வர வேண்டும், அதற்குள் நிஜமான நூறும் வர வேண்டும். என் வேலையில் பாதி இந்தப் பேரம்.

இப்போது சுவரோரத்துக்கு வருகிறேன், சண்டை நடப்பது அங்கேதான். தமிழ்நாட்டின் 2019-ம் ஆண்டு கட்டட விதிகளில் 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் அது உயரமான கட்டடம். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 7 மீட்டர் திறந்தவெளி விட வேண்டும். கேட்கும்போது தாராளமாகத் தோன்றும். ஆனால் தேசியக் கட்டட நெறிமுறை, கட்டடத்தைச் சுற்றித் தீயணைப்பு வண்டி போக 6 மீட்டர் பாதை கேட்கிறது. அந்தப் பாதை 45 டன் எடையைத் தாங்க வேண்டும், முனைகளில் 9 மீட்டர் வளைவு ஆரம் வேண்டும். ஏழில் ஆறு போனால் மிச்சம் ஒரு மீட்டர். அந்த ஒரு மீட்டரில்தான் மழைநீர் வடிகால் ஓடும். பக்கத்து மனைக்குள் போக முடியாததால் சுற்றுச்சுவரின் அஸ்திவாரம் நம் பக்கமாகவே நீட்டிக்கொண்டிருக்கும். கேபிள் போகும், விளக்குக் கம்பம் நிற்கும். 2003-லிருந்து கட்டாயமான மழைநீர் சேகரிப்புக் குழிகளும் அங்கேதான். இவ்வளவுக்கும் மேலே, எட்டடிக்கு ஒரு வட்டம்.

வரைபடத்தில் இதெல்லாம் மோதிக்கொள்ளாது. மரம் ஒரு தாளில், வடிகால் ஒரு தாளில். இரண்டையும் வெவ்வேறு அலுவலகங்களில் வெவ்வேறு ஆட்கள் வரைந்திருப்பார்கள். மோதல் தெரிவது குழி தோண்டும் அன்று. கடப்பாரை 'ணங்' என்று வடிகாலின் பக்கச்சுவரில் இடிக்கும். மேஸ்திரி இந்தப் பக்கம் அரையடி, அந்தப் பக்கம் அரையடி என்று நகர்த்திப் பார்த்துவிட்டு, கிடைத்த ஆழத்தில் மரத்தை இறக்கி மண்ணை மூடிவிடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மரம் லாரியில் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது, அவர் வேறென்ன செய்வார்?

ஆகவே நான் கேட்கிற முதல் திருத்தம் மரத்தைப் பற்றியதாக இருக்காது. வடிகாலைச் சுவரோரத்திலிருந்து எடுத்துப் பாதையின் மறுபக்கம், கட்டட ஓரமாகப் போடச் சொல்வேன். கூரையிலிருந்து இறங்கும் தண்ணீர் அங்கேதானே வருகிறது? கேபிளையும் அந்தப் பக்கமே கொண்டுபோகச் சொல்வேன். "லெவல் வராது மேடம், ரோட்டு மேன்ஹோல் உசரத்துல இருக்கு" என்று சைட் இன்ஜினியர் மறுப்பார். சில இடங்களில் அது உண்மை. பல இடங்களில், வரைந்ததை மாற்றச் சோம்பல். எது எது என்று கண்டுபிடிக்க லெவல் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. வடிகாலின் அடிமட்டம் எத்தனை மீட்டருக்கு எத்தனை செ.மீ. இறங்குகிறது, கடைசியில் தெருக் கால்வாயை எந்த உயரத்தில் சேர்கிறது என்று நாமே கூட்டிக் கழித்துக் காட்டினால்தான் நம் பேச்சு எடுபடும். கல்லூரியில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

அடுத்த திருத்தம் குழிகளைப் பற்றியது. விலைப் பட்டியலில், அதாவது பி.ஓ.கியூ.வில், எல்லா மரத்துக்கும் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குழி என்று இருக்கும். தோப்பிலோ வயல் வரப்பிலோ அது போதும், ஏனென்றால் குழிக்கு வெளியேயும் மண் இருக்கிறது. இங்கே குழிக்கு வெளியே இருப்பது 45 டன் தாங்குவதற்காக ரோலர் ஓட்டி இறுக்கிய சரளை. வேர் அதற்குள் நுழையாது. ஆக மரத்துக்கு ஆயுள் முழுவதும் ஒரு கன மீட்டர்தான். ஒரு நடுத்தர மரம் நிழல் என்று சொல்லும்படி விரிய 15 கன மீட்டராவது நல்ல மண் வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு. இறுகிய தரையில் தோண்டிய குழிக்கு இன்னொரு கேடும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் விழும் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் அதிலேயே தேங்கும். மார்கழியில் இலை வாடும். தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று தோட்டக்காரர் இன்னும் ஊற்றுவார்.

இதனால் தனித்தனிக் குழிகளை அழித்துவிட்டு நீளமான மண்பட்டையாக வரைந்து தரச் சொல்கிறேன். முன்பக்கத் திறந்தவெளியில் இரண்டு மீட்டர் அகலம், நாற்பது மீட்டர் நீளம், தொண்ணூறு செ.மீ. ஆழம் கிடைத்தால் 72 கன மீட்டர் மண். நான்கைந்து பெரிய மரங்கள் வேர்களைப் பின்னிக்கொண்டு பகிர்ந்து வாழலாம். சுவரோரத்து நெட்டிலிங்கங்கள் எண்ணிக்கையைக் காப்பாற்றட்டும், இந்த நாலைந்து நிழலைப் பார்த்துக்கொள்ளும்.

பேஸ்மென்ட்டுக்கு மேல் வரும் தோட்டம் தனிக் கதை. மூன்றடுக்கு கார் நிறுத்த பேஸ்மென்ட் தோண்டுகிறவர்கள் மனையில் எவ்வளவு முடியுமோ அவ்வளவுக்கும் தோண்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு தரை என்று நாம் மிதிப்பதெல்லாம் கான்கிரீட் கூரைதான். அதன்மேல் மண் பரப்பி மரம் நட வேண்டும். நனைந்த மண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய இரண்டு டன். மரத்துக்கு 1.2 மீட்டர் ஆழம் வேண்டுமென்றால் சதுர மீட்டருக்கு இரண்டு டன்னுக்கு மேல் கூரையில் உட்காரும். ஓர் அலுவலகத் தளத்துக்கு ஆட்கள், மேசை நாற்காலி எல்லாம் சேர்த்துக் கணக்கில் எடுக்கிற சுமை சதுர மீட்டருக்கு 250 முதல் 400 கிலோதான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் கூட்டத்தில் கொஞ்ச நேரம் பேச்சு நின்றுவிடும்.

ஒரு வளாகத்தில் லாண்ட்ஸ்கேப் வரைபடம் பேஸ்மென்ட் கூரைமேல் வரிசையாகப் பதினெட்டு வேப்ப மரங்களைக் காட்டியது. கட்டுமானப் பொறியாளரின் குறிப்பைத் தேடிப் பிடித்தேன். தோட்டத்துக்கு என்று அவர் விட்டிருந்தது சதுர மீட்டருக்கு ஒரு டன். அதாவது அரை மீட்டர் மண். புல்லும் புதரும் வளரும், வேம்பு வளராது. இரண்டு பேரும் தவறாக எதையும் செய்யவில்லை. ஒருவர் ஒரு டன் என்று எழுதினார், இன்னொருவர் வேம்பு என்று எழுதினார், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை. அப்போது கூரைக்குக் கம்பி கட்டத் தொடங்கியிருக்கவில்லை. அதனால் தூண்களுக்கு நேர் மேலே மட்டும் மண்ணை மேடாகக் குவித்து, அந்த இடங்களில் சுமையைக் கூட்டி, பதினெட்டை ஏழாக்கி ஒப்பேற்ற முடிந்தது. கம்பி கட்டி கான்கிரீட் போட்ட பிறகு இந்தக் கணக்கு என்னிடம் வந்திருந்தால், அந்த வட்டங்களைப் புதர்ச் செடிகளாக மாற்றுவதைத் தவிர வழி இருந்திருக்காது.

சுமை குறைக்கிறோம் என்று மண்ணுக்குப் பதிலாகப் பொள்ளாச்சித் தேங்காய்நார்க் கழிவை அதிகம் கலப்பதும் வழக்கம். முதல் வருடம் செடி பிரமாதமாக வரும். அப்புறம் நார் மக்கி மட்டம் இறங்கும், வேர் வெளியே தெரியும், மரம் ஒரு பக்கம் சாயும். கலவையில் பாதிக்கு மேல் கனிமப் பொருளாக இருக்க வேண்டும் என்று இப்போதெல்லாம் எழுத்தில் கேட்கிறேன். அடியில் வேர்த்தடுப்புப் படலம், அதன்மேல் வடிகால் தட்டு, பிறகு துணி, பிறகு மண். இந்த அடுக்கில் ஒன்று விடுபட்டாலும் பழி மரத்தின்மேல்தான் விழும். கீழே கார்மேல் தண்ணீர் சொட்டினால் முதலில் கோடரி தூக்குவார்கள்.

மண் என்று எழுதினால் மண் வரும் என்பதும் இல்லை. அனுமதி நிபந்தனைகளில் மேல்மண்ணை 20 செ.மீ. ஆழத்துக்கு எடுத்துக் குவித்து வைத்து, நடவுக்குப் பயன்படுத்த வேண்டும் என்று ஒரு வரி உண்டு. நல்ல வரி. ஆனால் குவித்து வைக்க வரைபடத்தில் இடம் ஒதுக்கியிருக்க வேண்டுமே. அந்த இடத்தில்தான் பிறகு கம்பி யார்டும் தொழிலாளர் கொட்டகையும் வரும். குவியல் எங்கோ போய்விடும். கடைசியில் லாரி லாரியாகச் சவுடு மண் வந்து இறங்கும். அதற்கடியில் உடைந்த செங்கல், சிமெண்டுப் பால் காய்ந்த கட்டிகள், டைல் துண்டுகள். சிமெண்டுக் கழிவு கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறும், இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் செடிக்குக் கிடைக்காது, இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மஞ்சளடிக்கும். உடனே யூரியா போடுவார்கள். நான் போனால் இரும்புக் கம்பியை மண்ணில் குத்திப் பார்ப்பேன். இரண்டடி தடையில்லாமல் இறங்கினால்தான் அடுத்த பேச்சு. மாதிரிக் குழி ஒன்று தோண்டி நிரம்பத் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் காலையில் எட்டிப் பார்ப்பதும் உண்டு. மண் பரிசோதனைக் கூட அறிக்கையைவிட இது எனக்கு அதிகம் சொல்லும்.

பழைய மகாபலிபுரம் சாலையில் மண்ணும் ஒரே மாதிரி கிடையாது. கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய், அதைத் தாண்டிக் கடலோர மணல். மேற்கே பெருங்குடி, சோழிங்கநல்லூர் பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததே, அதேதான். சாலைக்கு இந்தப் பக்கம் தண்ணீர் நிற்காது, அந்தப் பக்கம் தண்ணீர் போகாது. ஒரே நிறுவனம் இரண்டு பக்கமும் கட்டினால் ஒரே வரைபடத்தைப் பெயர் மாற்றி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன்.

மனையில் ஏற்கனவே நிற்கும் மரங்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கோபம் வரும். சர்வே வரைபடத்தில் மரத்துக்கு எண் போட்டு, நெஞ்சுயரத்தில் சுற்றளவு அளந்து, 'காக்கப்படும்' என்று எழுதியிருப்பார்கள். எழுதினால் ஆயிற்றா? பிரிட்டிஷ் தரவிதி ஒன்று, பி.எஸ். 5837, அடிமரத்தின் விட்டத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு ஆரத்துக்கு வேரைத் தொடாதே என்கிறது. அரை மீட்டர் விட்டமுள்ள புங்கனுக்கு ஆறு மீட்டர். நம் வரைபடங்களில் அந்தப் புங்கனைச் சுற்றி ஓரடி தள்ளி அழகான வட்டத் திண்ணை வரும்.

அதைவிடக் கொடியது மட்டம் உயர்த்துவது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் பகுதியில் யாரும் பழைய மட்டத்தில் கட்டுவதில்லை. மூன்றடி, நாலடி என்று மனையையே தூக்குகிறார்கள். அவர்கள் பயம் நியாயம். ஆனால் 'காக்கப்படும்' மரத்தின் அடியும் அத்தனை அடி புதைகிறது. மூச்சு விடும் வேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. அதன்மேல் நாலடி மண்ணைக் கொட்டி அமுக்கினால் மரம் உடனே சாகாது. இரண்டு மூன்று வருடம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் எல்லோருடைய பில்லும் பாஸாகியிருக்கும். லெவல் டிராயிங்கைப் பார்க்காமல் மரப் பட்டியலை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியவே வராது. கிளை விரிவு வரைக்குமாவது பழைய மட்டத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றித் தாங்குசுவர் கட்டினால் மரம் பிழைக்கும். அந்தப் பள்ளத்தில் தேங்கும் மழைநீருக்கும் வழி வைக்க வேண்டும்.

பனைகள் வேறு ரகம். இந்தப் பக்கத்து மனைகளில் வரப்போரப் பனைகள் சாதாரணம். 2021-ல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று சொன்ன பிறகு, பெயர்த்து வேறிடத்தில் நடுகிறோம் என்று எழுதுவது பெருகியிருக்கிறது. ஆலையும் அரசையும் பெயர்த்து நட்டுப் பிழைக்க வைக்கலாம், நானே கூட இருந்து பார்த்திருக்கிறேன். வளர்ந்த பனையைப் பெயர்த்து நடுவது பெரும்பாலும் காகிதத்தில்தான் துளிர்க்கிறது. எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கும்படி பாதையை வளைக்கச் சொல்வேன். பனை அதிக இடம் கேட்பதும் இல்லை.

எந்த மரம் என்ற கேள்வியைத்தான் கூட்டங்களில் எல்லோரும் ஆவலாகப் பேசுவார்கள். எனக்கு அதில் பெரிய வாதமில்லை. 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் குல்மோகரும் பெருங்கொன்றையும் தூங்குமூஞ்சியும் சென்னையில் குவியல் குவியலாக விழுந்தன. அதிலிருந்து நாட்டு மரம்தான் நட வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. நல்லதுதான். ஆனால் விழுந்தவற்றைப் போய்ப் பார்த்தபோது, ஒரு பக்கத்து வேரை வடிகாலுக்கும் நடைபாதைக்கும் வெட்டியெடுத்திருந்த மரங்கள் எத்தனையோ. அந்த இடத்தில் வேம்பு நின்றிருந்தாலும் விழுந்திருக்கும். பெயரை மாற்றிவிட்டு மண்ணை மாற்றாமல் விடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

சில இடங்களில் மட்டும் அடித்துப் பேசுவேன். கடல் காற்று அடிக்கும் பக்கம் புன்னையும் பூவரசும். பூக்கும் காலத்தில் நெடி தூக்கலாக வரும் ஏழிலைப்பாலையை ஏ.சி.க்கு வெளிக்காற்று உறிஞ்சும் ஜன்னலருகே வைக்கக் கூடாது. கார் நிறுத்தத்தில் நாவல் வேண்டாம், பழக் காலத்தில் வெள்ளைக் கார்க்காரர்கள் மரத்தை வெட்டச் சொல்லி மனு கொடுப்பார்கள். மரமல்லிக் கிளை முறியும், ஆட்கள் உட்காரும் இடத்துக்கு ஆகாது. சீக்கிரம் மறைப்பு வேண்டுமென்று கோனோகார்ப்பஸ் எழுதி வந்தால் கோடு போட்டு அடித்துவிடுவேன். குஜராத் 2023-லேயே அதைத் தடை செய்துவிட்டது. இவ்வளவுதான், மீதி அவரவர் ரசனை.

புல்தரைக்கு ஒரு வார்த்தை. சென்னைக் கோடையில் சதுர மீட்டர் புல் நாளொன்றுக்கு ஐந்தாறு லிட்டர் குடிக்கும். ஒரு ஏக்கர் புல்லுக்குத் தினம் 12,000 லிட்டர் டேங்கர் இரண்டு. 2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னபோது முதலில் செத்தது புல்தான். எஸ்.டி.பி. தண்ணீர் இருக்கிறதே என்பார்கள். கட்டடத்தில் ஆள் இருந்தால்தான் கழிவுநீர் வரும், அதைச் சுத்திகரித்தால்தான் தோட்டத்துக்குத் தண்ணீர். வளாகம் திறந்து முதல் ஒரு வருடம் பாதித் தளங்கள் காலியாகக் கிடக்கும், செடிகளுக்கு அதிகத் தண்ணீர் தேவைப்படுவதும் அதே வருடம். அந்த ஒரு வருடத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டு எழுதினால், பதில் வர வாரங்கள் ஆகும்.

மார்க்கெட்டிங் ஆட்கள் அச்சிடும் படத்தில் மரங்கள் இருபது வயதில் இருக்கும். அதே படத்தில் கட்டடத்தின் பெயர்ப்பலகையும் பளிச்சென்று தெரியும். இருபது வயது மரம் அங்கே நின்றால் பலகை எப்படித் தெரியும்? பலகையின் வரைபடம் எப்போதும் கடைசியில்தான் வரும். கண்காணிப்புக் கேமரா வரைபடம் அதற்கும் பிறகு. மூன்றாம் வருடம் கேமராவை மறைக்கிறது என்று கிளைகளை மொட்டையடிப்பார்கள். பலகையும் கேமராவும் எங்கே வரப்போகின்றன என்று ஆரம்பத்திலேயே நச்சரித்து வாங்கிவைத்தால் பாதி மரங்கள் தப்பும். மேற்கு வெயில் விழும் பக்கத்தில் கேமராவைத்தான் நகர்த்த வேண்டும் என்பது என் கட்சி. செக்யூரிட்டி ஆலோசகர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

ஓ.எஸ்.ஆர். நிலத்தையும், அதாவது திறந்தவெளிக்கென்று ஒதுக்கும் நிலத்தையும், பார்க்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில், சாலைகள் போக மீதியில் பத்து சதவீதத்தைப் பொதுவுக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பிறகு அது நம் நிலமில்லை. ஆனாலும் அங்கே நட்ட மரங்களை நம் 253-க்குள் சேர்த்து எண்ணிக்கொண்டு வருவார்கள். எடுத்துவிடச் சொல்வேன், எடுத்துவிட்டு வேறெங்கோ நெருக்கிப் போடுவார்கள். மறுபடி சுவரோரம்.

வரைபடம் எவ்வளவு சரியாக வந்தாலும் காலண்டர் ஒத்துழைக்காது. கட்டடப் பணியில் தோட்டத்துக்குக் கடைசி இடம். சாரம் பிரித்து, பெயின்ட் அடித்து, பாதை போட்டபின் இடம் கைக்கு வரும்போது திறப்பு விழாவுக்கு ஒரு மாதம்கூட இருக்காது. பருவமழைக்கு முன்னால், புரட்டாசியில் நட வேண்டியதைச் சித்திரை வெயிலில் நடுவார்கள். உடனே பச்சை தெரிய வேண்டும் என்பதால் ஆந்திரத்தில் கோதாவரிக் கரையிலுள்ள கடியத்திலிருந்து பதினைந்து அடி மரங்கள் லாரியில் வந்து இறங்கும். களிமண் உருண்டைக்குள் வெட்டிச் சுருக்கிய வேர்கள். ஒருமுறை இறக்கிக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: "கோதாவரித் தண்ணி குடிச்சு வளந்ததும்மா இது. நம்ம போர்த் தண்ணிய ஊத்துனா மொறைக்கும்." உப்பேறிய அந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கு, முறைத்ததோடு விட்டால் பரவாயில்லை.

லாரியிலிருந்து இறங்கும் மரத்தில் நான் உயரத்தைப் பார்ப்பதில்லை. பையைக் கிழித்து வேர் பை ஓரமாகச் சுற்றிச் சுருண்டிருக்கிறதா என்று பார்ப்பேன். அப்படி இருந்தால் நட்ட பிறகும் அந்தச் சுருளிலேயே சுற்றி, வருடங்கள் கழித்துத் தன் கழுத்தைத் தானே நெரிக்கும். அடிமரம் வேராக விரியத் தொடங்கும் இடம் மண்ணுக்கு மேலே தெரியும்படி நட வேண்டும் என்று வரைபடத்தில் தனிக் குறிப்பு எழுதவைப்பேன். ஆழமாக நட்டால் உறுதியாக நிற்கும் என்று நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. நிற்பதற்குக் கம்பு கட்டினால் போதும். ஒரு வருடத்தில் அந்தக் கட்டை அவிழ்க்க வேண்டும் என்பதையும் எழுத வேண்டும், இல்லையென்றால் கயிறு பட்டைக்குள் புதைந்திருப்பதைப் பார்க்க நேரும்.

ஒப்பந்தத்தில் பராமரிப்பு ஒரு வருடம் என்று வழக்கமாக வரும். செத்த மரத்தை மாற்றிக் கொடுக்கும் பொறுப்பும் அதுவரைதான். சித்திரையில் நட்டால் பருவமழையில் தேறியதுபோல் காட்டி, அடுத்த பங்குனிக்குள் கணக்கு முடிந்துவிடும். வாடுகிற மரம் அதற்கடுத்த கோடையில்தான் வாடும். அதனால் வருடக் கணக்கை எடுத்துவிட்டு, இரண்டு முழுக் கோடை முடியும்வரை என்று எழுதச் சொல்கிறேன். பிடித்து வைக்கும் தொகையும் அதற்கு அப்புறம்தான் விடுவிக்கப்பட வேண்டும். விலை ஏறும், உரிமையாளரின் கணக்குப் பிரிவு அந்த வரியை அடித்துவிடும்.

அப்போது நான் ஒரு மாற்று வைப்பேன். பதினைந்து அடி மரத்துக்குப் பதில் எட்டடி மரம் வாங்குங்கள், மிச்சமாகும் பணத்தில் இரண்டாவது கோடைக்கான பராமரிப்பு வந்துவிடும் என்று. சின்னக் கன்று சீக்கிரம் வேர் பிடித்து நாலைந்து வருடத்தில் பெரியதை எட்டிவிடும். திறப்பு விழாப் படத்தில் கொஞ்சம் குட்டையாகத் தெரியும், அவ்வளவே. வாசலில் நாலு மரம் மட்டும் பெரியதாக இருக்கட்டும் என்று அங்கேயும் ஒரு பேரம் நடக்கும், ஒப்புக்கொள்வேன். போன வருடம் ஓர் ஒப்பந்தக்காரர் நான் கேட்காமலே கொட்டேஷனில் மூன்று கோடை என்று போட்டு, அதற்கேற்ப விலையையும் ஏற்றி அனுப்பியிருந்தார். இரண்டாகக் குறைத்து, குழிக்குப் பதில் மண்பட்டை என்று திருத்தித் திருப்பி அனுப்பினேன்.